வரப்பு எலி காட்டிய வழி

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை சொல்லும் விளையாட்டை ஆடுகிறோம். கதையை நடத்துவது நான். 2014 விதிகளின்படி கோபோல்டு என்ற குட்டிப் பல்லி மனிதனுக்குச் சராசரி உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) வெறும் 5. பன்னிரண்டு கோபோல்டுகளைக் கும்பலாக நிறுத்தினேன். அத்தை மகனின் மந்திரவாதி தீப்பந்து என்ற மந்திரம் ஒன்றில் அத்தனையையும் கருக்கினான். "அவ்வளவுதானா, அத்தான்?" என்றபடி அத்தை மகன் முறுக்கைக் கடித்தான்.

அந்த வாரம் குறுவை அறுவடைக்காகப் பாபநாசம் பக்கம் போயிருந்தேன். வரப்பில் எலிவளை வெட்டினார்கள். ஒரு வாயில் மண்வெட்டி விழுந்ததும் எலி வேறொரு வாய் வழியே பாய்ந்தது. இன்னொரு வாய் உள்ளிருந்தே மண்ணால் அடைபட்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் குகையை அப்படியே வரைந்தேன். சுரங்கத்தின் உயரம் மூன்றடி. கோபோல்ட் நிமிர்ந்து ஓடும். மனிதன் தவழ வேண்டும். தவழ்ந்தால் ஓரடிக்கு இரண்டடி நகர்வு செலவு, படுத்த நிலையில் வெட்டினால் பகடையை இருமுறை உருட்டி, சிறிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு கோபோல்டுகள் மட்டும் பக்கத்து வளைகளிலிருந்து ஈட்டியை நீட்டும். எதிரியின் அருகில் கூட்டாளி இருப்பதால் கோபோல்டுகளுக்கோ இருமுறை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். தீப்பந்து 20 அடி ஆரத்துக்கு மூலை திரும்பியும் பரவும் (முதலில் இதை நான் மறந்திருந்தேன்), ஆகவே மற்றவை 40 அடி தள்ளியே இருந்தன. வெயிலில் அவற்றின் குறி தவற வாய்ப்பு அதிகம் என்பதால் குகைக்கு வெளியே துரத்தவே இல்லை.

மந்திரவாதி தவழ்ந்து வெளியே வந்தபோது மூன்று உயிர்ப்புள்ளிதான் மிச்சம். அன்று முறுக்குத் தட்டு அப்படியே இருந்தது.