பூசாத செங்கல் சுவருக்கு எந்த பாயிண்டிங்? முதல் வரிசை வைக்கும் முன் முடிவு செய்யும் முறை

சுவரைப் பூசாமல் செங்கல்லை வெளியே தெரிய விடுவது என்று முடிவானதும் எல்லோரும் முதலில் ஓடுவது கல்லைத் தேடித்தான். எந்தச் சூளை, என்ன நிறம், இயந்திரத்தில் அறுத்த வயர்கட்டா, கையால் அறுத்த நாட்டுச் செங்கல்லா என்று மாதக்கணக்கில் பேச்சு நடக்கும். கல்லுக்கு நடுவே வரும் கலவையை எப்படி முடிப்பது, அதாவது எந்த பாயிண்டிங் என்ற கேள்வி மட்டும் சுவர் இடுப்பளவு எழும்பிய பிறகுதான் வரும். அதற்குள் பாதி முடிவை மேஸ்திரியே எடுத்திருப்பார்.

ஒரு சின்னக் கணக்கு. 9 அங்குல நீளமும் 3 அங்குல உயரமும் உள்ள கல்லை நீளவாக்கில் 10 மி.மீ. இடைவெளி (ஜாயிண்ட்) விட்டு அடுக்கினால், 100 சதுர அடிச் சுவரில் சுமார் 15 சதுர அடி வெறும் கலவைதான். இடைவெளி 15 மி.மீ. ஆகிவிட்டால் அது 20 சதுர அடியைத் தாண்டிவிடும். சுவரின் அழகில் அவ்வளவு பெரிய பங்கு இதற்கு. மழைத் தண்ணீர் உள்ளே நுழையப் பார்க்கும் முதல் இடமும் இதுதான். ஆகவே முதல் வரிசைக் கல் வைக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: மழை எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள்

வீட்டு பிளானை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுவருக்கும் பக்கத்தில் "நன்றாக நனையும்", "சாரல் படும்", "நனையாது" என்று எழுதுங்கள். வேலையில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையை மனதில் வையுங்கள். புயல் நேரத்தில் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து அறையும். 2011 டிசம்பரில் தானே புயல் கரை கடந்தபோது கடலூர், புதுச்சேரியில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தென்காசி, கன்னியாகுமரி, பொள்ளாச்சிப் பக்கம் என்றால் தென்மேற்குக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மேற்குச் சுவர்தான் அங்கே அதிகம் வாங்கும்.

திசை எதுவானாலும் மூன்று இடங்கள் கண்டிப்பாக "நன்றாக நனையும்" பட்டியலில் வரும்: மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், படிக்கட்டு அறையின் சுவர், சுற்றுச்சுவர். மேலே கூரை நீண்டிருக்கும் தரைத்தளச் சுவருக்கு இவ்வளவு கவலை வேண்டாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பூசாத சுவருக்கு முதல் காவல் நீட்டிய கூரைதான், பாயிண்டிங் அதற்கு அடுத்துதான். கேரளத்தின் கனமழையில் பூசாத செங்கல் வீடுகளை ஏராளமாகக் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், கூரையை வெளியே நீட்டிச் சுவரை நனையாமல் காக்க வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தினார். உங்கள் பிளானில் சன்ஷேடு 1 அடிக்கும் குறைவாக இருந்தால், பாயிண்டிங்கைப் பற்றி யோசிப்பதற்கு முன் இன்ஜினியரிடம் அதைப் பேசுங்கள்.

படி 2: உங்கள் கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள்

வயர்கட் கல்லுக்கு ஓரம் கூர்மையாக இருக்கும், அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். அதற்கு எந்த முடிப்பும் பொருந்தும். நாட்டுச் செங்கல்லும் சேம்பர் சூளையில் சுட்ட கல்லும் அப்படியில்லை. ஒரே லோடில் வந்த பத்துக் கற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்; ஒன்றுக்கொன்று சில மி.மீ. வித்தியாசம் தெரியும், ஓரங்கள் உடைந்தும் உருண்டும் இருக்கும். அந்தக் கல்லில் கலவையைக் கல்லின் முகத்தோடு மட்டமாக முடித்தால், உடைந்த ஓரங்களில் எல்லாம் கலவை ஏறி, ஜாயிண்ட் இருப்பதைவிட அகலமாகத் தெரியும். ஆழமாகக் குழித்தாலும் சிக்கல்தான்: ஒவ்வொரு வளைவும் நிழலாக விழுந்து, மட்டம் தவறிய இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நாட்டுக் கல்லுக்குப் பொருந்துவது மிதமாக உள்வளைந்த முடிப்பு; அது என்ன என்று அடுத்த படியில் பார்ப்போம்.

கல்லின் தரத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி எடை போடுங்கள். எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் அந்தக் கல்லை வெளிச்சுவரில் பூசாமல் விடாதீர்கள். எந்த பாயிண்டிங்கும் அதைக் காப்பாற்றாது.

படி 3: முடிப்பு வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று முதலில் புரிய வேண்டும். நன்றாகச் சுட்ட கல் நனைந்தாலும் வெயிலில் காய்ந்துவிடும். ஆனால் கலவை காயும்போது லேசாகச் சுருங்கும். அப்போது கல்லுக்கும் கலவைக்கும் நடுவே மயிரிழைபோல ஒரு கீறல் விழும். காற்று தண்ணீரை அழுத்தித் தள்ளுவது அந்தக் கீறலுக்குள்தான். ஆகவே ஒரு முடிப்பைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. கலவையை அது கல்லின் ஓரத்தோடு அழுத்திச் சேர்க்கிறதா? தண்ணீர் நிற்க இடம் கொடுக்காமல் வடிய விடுகிறதா?

இரண்டுக்கும் "ஆம்" என்று பதில் சொல்வது உள்வளைந்த முடிப்பு. பாதி இறுகிய கலவைமேல் உருண்டைக் கம்பியை அழுத்தி இழுப்பார்கள். கலவை மேலேயும் கீழேயும் உள்ள கல்லோடு நெருங்கி ஒட்டும், அதன் முகம் இறுகி மழமழவென்று ஆகும், அரைவட்டக் குழிவில் தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழப்பமாக இருந்தால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். மழை படும் சுவருக்கு என் முதல் பரிந்துரை எப்போதும் இதுதான். வி வடிவ முடிப்பும் கிட்டத்தட்ட இதே அளவு காக்கும். கோடு மட்டும் இன்னும் கூர்மையாகத் தெரியும்.

அடுத்தது சரிவு முடிப்பு. மேல் கல்லின் அடியில் கலவையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, கீழ்க் கல்லின் விளிம்புக்கு வெளிப்புறமாகச் சரித்து வருவது. தண்ணீர் நன்றாக வடியும். ஆனால் கூர்மையான ஓரம் உள்ள கல்லும் பொறுமையான கையும் வேண்டும். இதையே தலைகீழாக, அதாவது மேலே வெளியேயும் கீழே உள்ளேயுமாகச் சரித்துவிடும் கொத்தனார்கள் உண்டு, ஏனென்றால் சாரத்தில் நின்றபடி மேலிருந்து கரண்டி பிடிக்க அது வசதி. அப்படிச் செய்தால் ஒவ்வொரு கல்லின் தலையிலும் தண்ணீர் தங்கும். சரிவு முடிப்பு கேட்டிருந்தால், முதல் நாளே விரலால் தடவிச் சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள்.

மட்ட முடிப்பு என்பது கல்லின் முகத்தோடு கலவையை வழித்துவிடுவது. வழிப்பதால் மட்டும் கலவை இறுகாது. உள்சுவருக்கும், பின்னால் வெள்ளையடிக்கப் போகிற சுவருக்கும் சரி.

இப்போது பலருக்கும் பிடித்த குழிவு முடிப்புக்கு வருவோம். "நல்லா க்ரூவ் விட்டு எடுத்துரலாம் சார், அப்பதான் லுக்கா இருக்கும்" என்று சொல்லாத மேஸ்திரி குறைவு. கலவையை 10, 12 மி.மீ. உள்ளே தள்ளிச் சதுரமாக முடிப்பது இது. அழகுதான், மறுக்கவில்லை. மாலை வெயிலில் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக எழுந்து நிற்கும். ஆனால் கீழ்க் கல்லின் மேல்விளிம்பு ஒரு குட்டித் திண்ணையாகிவிடுகிறது. அதில் தண்ணீரும் தூசியும் தங்கும், பாசி பிடிக்கும், கலவை நனைந்தே கிடக்கும். வரவேற்பறை, கூரை போட்ட வராந்தா, உள்முற்றத்தின் மழை படாத பக்கம் ஆகிய இடங்களில் தாராளமாகச் செய்யுங்கள். கைப்பிடிச் சுவரிலும் மழைப் பக்கச் சுவரிலும் வேண்டவே வேண்டாம்.

கருங்கல் சுற்றுச்சுவர்களில் கயிறுபோலப் புடைத்து நிற்கும் பாயிண்டிங்கைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செங்கல்லுக்குக் கேட்காதீர்கள். அந்தப் புடைப்பின் மேலேயும் தண்ணீர் தங்கும், நாளடைவில் பெயர்ந்து வரும்.

ஒரே வீட்டில் இரண்டு முடிப்பு இருக்கலாம். வெளியே உள்வளைவு, உள்ளே குழிவு என்று வைத்தால் பார்ப்பவர்களுக்கு வித்தியாசமாகவே தோன்றாது. ஆனால் ஒரே சுவரின் நடுவில் மாற்றாதீர்கள்; மூலையில் மாற்றுங்கள்.

படி 4: நிறம்

குழிவு முடிப்பை விரும்புகிறவர்கள் உண்மையில் விரும்புவது கோடுகள் எடுப்பாகத் தெரிவதைத்தான். அதை நிறத்தாலேயே கொண்டுவரலாம். சிகாகோவில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த ராபி வீட்டில், கிடையாக ஓடும் படுக்கை ஜாயிண்ட்டுகளுக்கு வெளிர் நிறக் கலவை, இரண்டு கல்லுக்கு நடுவே செங்குத்தாக நிற்கும் ஜாயிண்ட்டுகளுக்குக் கல்லின் நிறத்திலேயே கலவை. தூரத்திலிருந்து பார்த்தால் நீண்ட கிடைக்கோடுகள் மட்டுமே கண்ணுக்குப் படும். அவர் படுக்கை ஜாயிண்ட்டைக் குழித்தும் விட்டார். நாம் குழிவை விட்டுவிட்டு நிற உத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சாதாரண சிமெண்ட் கலவை சாம்பல் நிறம். சிவப்புக் கல்லோடு அது நன்றாகவே நிற்கும். நிறம் சேர்ப்பதென்றால் இரும்பு ஆக்சைடு பொடி போடுங்கள். சிமெண்ட் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் கலவையின் பலம் குறையும். கைப்பிடி அளவு எல்லாம் வேண்டாம், தராசில் நிறுத்துப் போடச் சொல்லுங்கள். மணலும் நிறத்தை மாற்றும். ஆற்று மணலில் ஒரு நிறம் வரும், எம் சாண்டில் இன்னொரு நிறம் வரும். பாயிண்டிங்குக்கு வேண்டிய மணல் மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கி, சலித்து, மூடி வையுங்கள்.

படி 5: அன்றைக்கே முடிப்பதா, கடைசியில் பாயிண்டிங் செய்வதா?

நம் ஊரில் வழக்கம் இரண்டாவது. கட்டும்போது ஜாயிண்ட்டை 12 முதல் 15 மி.மீ. வரை சுரண்டி விட்டு, கட்டட வேலை முடிந்தபின் 1:3 கலவையால் (ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல்) நிரப்பி முடிப்பார்கள். சாரம் பிரிக்கும்போது மேலிருந்து கீழே ஒரே சீராக வேலை போகும், நிறமும் ஒன்றாக வரும். ஆனால் சுரண்டல் அன்றைக்கே, கலவை இறுகும் முன் நடந்தாக வேண்டும். மறுநாள் உளியை வைத்துக் கொத்தினால் கல்லின் ஓரம் போய்விடும். நிரப்பும் முன் தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, தண்ணீர் தெளித்து, ஈரம் இழுத்த பிறகே கலவை வைக்க வேண்டும்.

கட்டிய கலவையையே அன்றைக்கு அழுத்தி முடிப்பது முதல் முறை. உள்ளும் வெளியும் ஒரே கலவையாக இருப்பதால் பெயர்ந்து விழ வழியில்லை. மழைப் பக்கச் சுவருக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் கல் வைக்கும் கை சுத்தமாக இருந்தால்தான் நடக்கும். கலவையைக் கல்முகத்தில் வழியவிடும் ஆளை வைத்துக்கொண்டு இதைத் தொடங்காதீர்கள்.

படி 6: மாதிரிச் சுவர்

4 அடிக்கு 4 அடி போதும். வீட்டுக்கு வாங்கிய அதே கல், அதே மணல், அதே கொத்தனார். இரண்டு மூன்று முடிப்புகளைப் பக்கம் பக்கமாகச் செய்யச் சொல்லுங்கள். ஈரக் கலவையின் நிறத்தை நம்ப வேண்டாம், காய்ந்தால் வெளுக்கும். ஒரு வாரமாவது விட்டுப் பாருங்கள். காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் தள்ளி நின்று பாருங்கள். அப்புறம் ஹோஸ் பைப்பால் தண்ணீரைப் பீய்ச்சி, எங்கே தங்குகிறது என்று கிட்டே போய்ப் பாருங்கள். பிடித்ததைக் கொத்தனார், மேஸ்திரி, இன்ஜினியர் மூவருக்கும் காட்டி ஒப்புக்கொள்ள வையுங்கள். வேலை முடியும்வரை அந்தச் சுவரை இடிக்காதீர்கள்.

படி 7: வேலை நடக்கும்போது

கல்லை முன்கூட்டியே தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். உலர்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், ஒட்டாது. நிற்கும் ஜாயிண்ட்டுகள் உள்ளே வரை நிரம்பியிருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். முகத்தில் மட்டும் கலவையை அப்பிவிட்டு உள்ளே ஓட்டையாக விடுவது அடிக்கடி நடக்கிறது.

10 மி.மீ. ஜாயிண்ட்டுக்கு 12 மி.மீ. கம்பி எடுங்கள். ஜாயிண்ட்டைவிடக் கம்பி கொஞ்சம் தடிமனாக இருந்தால்தான் இரண்டு ஓரங்களையும் தொட்டு அழுத்தும். முறுக்குக் கம்பி ஆகாது, வரியில்லாத மழமழப்பான கம்பி வேண்டும். வெள்ளை சிமெண்ட் கலவை என்றால் இரும்பு கறுப்புத் தடம் விடும், பிளாஸ்டிக் குழாய்த் துண்டைப் பயன்படுத்துங்கள்.

எப்போது அழுத்துவது? கட்டைவிரலால் கலவையை அழுத்துங்கள். தடம் பதிய வேண்டும், விரலில் கலவை ஒட்டக் கூடாது. அதுதான் பதம். சித்திரை வெயிலில் இது சீக்கிரம் வரும், ஐப்பசியில் தாமதமாகும், ஆகவே கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், விரலை நம்புங்கள். பதத்துக்கு முன்னால் இழுத்தால் கலவையின் பால் மேலே வந்து வெளுப்பாகக் காயும். தாமதமாக இழுத்தால் கறுத்துப்போகும். ஒரே கலவையில் கட்டிய சுவர் திட்டுத் திட்டாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முதலில் நிற்கும் ஜாயிண்ட்டுகள், அப்புறம் படுக்கை ஜாயிண்ட்டுகள் என்ற வரிசையில் போனால் கிடைக்கோடு அறுபடாமல் வரும். முடித்ததும் மென்மையான பிரஷ்ஷால் பிசிறைத் தட்டிவிடுங்கள்.

மழை வரும்போல இருந்தால் சுவரின் தலையைத் தார்ப்பாயால் மூடுங்கள். குறைந்தது 7 நாள் கியூரிங் வேண்டும், அதாவது சுவரை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். பைப்பால் பீய்ச்சாமல், சணல் சாக்கைத் தொங்கவிட்டு நனைத்தால் கலவை கரையாது, கல்லில் வெள்ளைக் கோடும் இறங்காது.

சில வாரங்களில் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கலாம். பதறி ஆசிட் ஊற்றாதீர்கள்; ஆசிட் கலவையைத் தின்றுவிடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். ஒரு மழைக்காலம் கடந்ததும் பெரும்பாலும் குறைந்துவிடும். அதற்குப் பிறகும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பூத்தால், அங்கே தண்ணீர் நுழைகிறது என்று அர்த்தம். கைப்பிடிச் சுவரின் தலை, ஜன்னல் அடிக்கட்டை, பைப் நுழையும் ஓட்டை ஆகியவற்றை முதலில் சோதித்து, பெயர்ந்த ஜாயிண்ட் இருந்தால் 15 மி.மீ. சுரண்டி, அதே மணலில் கலவை போட்டு நிரப்பச் சொல்லுங்கள். அதற்காகவே அந்த மணலில் அரை மூட்டையை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.