ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆங்கில இலக்கிய இயக்கத்தைப் படிப்பது எப்படி?

ஆங்கில இலக்கியம் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலைத்தான் முதலில் எடுக்கிறார்கள். எந்த இயக்கம் எந்த ஆண்டில் தொடங்கியது, அதில் யார் யார் இருந்தார்கள் என்று மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சைக்கு அது போதும். படிக்கிற சுகம் அதில் கிடைக்காது.

நான் சொல்லப்போவது வேறு வழி. ரொமாண்டிக் இயக்கத்தை எடுத்துக்கொள்வோம். தமிழில் கற்பனாவாதம் என்பார்கள். தனிமனிதனின் உணர்வுக்கும் கற்பனைக்கும் முதலிடம் தந்த இயக்கம் அது. தேவை ஒரு கவிதை, ஒரு நாட்குறிப்பு, ஒரு நாவல். இவற்றைப் படிக்கும்போது 'நான்' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

படி 1: கவிதையை வாய்விட்டுப் படியுங்கள்

வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் டாஃபடில் பூக்களைப் பற்றி எழுதிய கவிதையில் தொடங்குங்கள். 1807-இல் வெளிவந்தது. இன்று பெரும்பாலும் கிடைப்பது, 1815-இல் அவர் ஒரு பத்தி கூட்டித் திருத்திய வடிவம்: ஆறு ஆறு வரிகளாக நான்கு பத்திகள், மொத்தம் 24 வரிகள். அகராதியை உடனே எடுக்க வேண்டாம். எதுகை, மோனைக்குப் பழகிய நம் காது வரியின் தொடக்கத்தைத் தேடும். இங்கே ஓசை வரிக் கடைசியில் ஒன்றுகிறது, நம் இயைபு போல. கிளவுட் என்று முடிந்த வரிக்கு இரண்டு வரி தள்ளி கிரவுட் வரும். பென்சிலால் அந்தச் சொற்களை இணைத்துக் கோடு போடுங்கள்.

அப்புறம் 'நான்' எங்கே என்று பாருங்கள். முதல் சொல்லே அதுதான். மேகம்போலத் தனியாகத் திரிந்த ஒருவன் பூக்களைப் பார்க்கிறான்.

படி 2: தங்கையின் நாட்குறிப்பைப் பக்கத்தில் வையுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். அந்தப் பூக்களை வேர்ட்ஸ்வொர்த் தனியாகப் பார்க்கவில்லை. 1802 ஏப்ரல் 15 அன்று, இங்கிலாந்தின் வடக்கே அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில், தங்கை டாரதியும் கூடவே நடந்தார். அன்றைய நாட்குறிப்பில் டாரதி 'நாங்கள்' என்றுதான் எழுதுகிறார். சில பூக்கள் அசந்துபோய், தலையணையில் சாய்வதுபோலக் கல்மேல் தலை சாய்த்திருந்தனவாம். மற்றவை காற்றோடு சேர்ந்து சிரிப்பதுபோல ஆடினவாம். அசந்த பூக்கள் கவிதைக்குள் வரவில்லை. தங்கையும் வரவில்லை.

கடைசிப் பத்தியில் மனக்கண்ணையும் தனிமையின் இன்பத்தையும் சொல்லும் இரண்டு வரிகள் வரும். அவை மனைவி மேரி தந்தவை என்று வேர்ட்ஸ்வொர்த்தே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏரிக்கரையில் நடந்ததைவிட, பிறகு ஒரு மனிதன் சாய்ந்து படுத்திருக்கும்போது அந்தக் காட்சி அவனுக்குள் என்ன செய்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். 'நாங்கள்' 'நான்' ஆன அந்த இடத்தில்தான் இயக்கம் கண்ணுக்குத் தெரிகிறது.

படி 3: இப்போது கொஞ்சம் வரலாறு

1798-இல் வேர்ட்ஸ்வொர்த்தும் அவருடைய நண்பரான கவிஞர் கோலரிட்ஜும் சேர்ந்து 'லிரிக்கல் பாலட்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். 1800-இல் இரண்டாம் பதிப்புக்கு வேர்ட்ஸ்வொர்த் ஒரு முன்னுரை எழுதினார். மக்கள் உண்மையில் பேசும் மொழியில் கவிதை இருக்க வேண்டும், உணர்ச்சியை அமைதியில் நினைவுகூரும்போது கவிதை பிறக்கிறது என்கிறது அது. அப்படிச் சொன்னவர், பின்னாளில் பூக்களைப் பார்த்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து அந்தக் கவிதையை எழுதியதில் வியப்பில்லை. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

படி 4: நாவலுக்குள் போங்கள்

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818-இல் வந்தது. 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. முந்தைய ஆண்டு இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததால் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. மழையில் வீட்டுக்குள் அடைந்துகிடந்தவர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன்.

தொடக்கத்தில் வரும் நான்கு கடிதங்களிலேயே பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். விக்கிரமாதித்தன் கதை படித்த நமக்குக் கதைக்குள் கதை புதிதா என்ன? வட துருவத்தை நோக்கிக் கப்பலில் போகும் வால்டன் தன் அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறான். அதற்குள் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் பேசுகிறான். அதற்குள் அவன் படைத்த பெயரில்லாத உயிர் பேசுகிறது. மூன்று பேரும் 'நான்' என்கிறார்கள். நோட்டில் மூன்று பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்து, யார் பேசுகிறார்கள் என்று அத்தியாய எண்ணைக் குறித்துவாருங்கள். சுவரின் இடுக்கு வழியே ஒரு குடும்பத்தைப் பார்த்துப் பார்த்து அந்த உயிர் பேசக் கற்றுக்கொள்ளும் பகுதியில் நிதானமாக நில்லுங்கள். வேர்ட்ஸ்வொர்த்துக்கு இன்பமாக இருந்த தனிமை இங்கே தண்டனையாகிவிட்டது.

படி 5: கவிதை நாவலுக்குள் ஒளிந்திருக்கும் இடத்தைத் தேடுங்கள்

இரண்டாம் கடிதத்தில், தான் எந்த அல்பட்ராஸ் பறவையையும் கொல்ல மாட்டேன் என்கிறான் வால்டன். 'லிரிக்கல் பாலட்ஸ்' முதல் பதிப்பின் முதல் கவிதையான கோலரிட்ஜின் மாலுமிக் கதையில், மாலுமி கொன்றுவிடும் பறவை அது. இன்னொன்று, இங்கிலாந்துப் பயணம் வரும் பகுதியில் இருக்கிறது. 1831 பதிப்பில் அது 18-ஆம் அத்தியாயம். இறந்துபோன நண்பன் கிளெர்வலை நினைத்து, அதே தொகுப்பின் கடைசிக் கவிதையிலிருந்து சில வரிகளைச் சொல்கிறான் விக்டர். அது வேர்ட்ஸ்வொர்த் எழுதியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அருவியின் ஓசை 'என்னை' ஆட்கொண்டது என்று வேர்ட்ஸ்வொர்த் எழுதியதை, 'அவனை' என்று மாற்றியிருக்கிறார் மேரி ஷெல்லி.