ஓஎம்-1 மீட்டருக்குக் காதுக்கருவி பேட்டரி

பழைய ஒலிம்பஸ் ஓஎம்-1 வாங்க நினைப்பவர்கள் முதலில் பேட்டரியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். 1970களில் வந்த அந்த ஃபிலிம் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் 1.5 வோல்ட். அதைப் போட்டால், இருப்பதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாக முள் காட்டும். அப்படி எடுத்த என் ரோலில் நெகட்டிவ் எல்லாம் வெளிறிப்போய், நிழல் விழுந்த இடங்களில் ஒன்றுமே பதியவில்லை.

காதுக்கருவிக்குப் போடும் 675 ஜிங்க்-ஏர் பேட்டரிதான் கைகொடுத்தது. சுமார் 1.4 வோல்ட், தீரும்வரை ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். அகலம் குறைவு என்பதால் குழிக்குள் ஆடியது. சுற்றி ஒரு ரப்பர் வளையம் மாட்டியதும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்து, ஓரிரு நிமிடம் காற்றுப்பட வைத்த பிறகே உள்ளே போட வேண்டும். அப்புறம் நல்ல வெயிலில், அதற்கு வழக்கமாக வைக்கும் ஐஎஸ்ஓ 400, எஃப்16, 1/500 வைத்துப் புல்வெளியைப் பார்த்தேன். முள் நடுவில் நின்றது, அதாவது மீட்டர் சரியாகக் காட்டுகிறது. அவ்வளவு சந்தோஷம்!

ஸ்டிக்கரை உரித்துவிட்டால், சுவிட்சை அணைத்து வைத்தாலும் சில மாதங்களில் பேட்டரி காய்ந்துவிடும். விலை மலிவுதான், ஓர் அட்டை வாங்கிப் பையிலேயே வைத்திருக்கிறேன். நடுவழியில் தீர்ந்தாலும் பயமில்லை, ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல், பேட்டரி இல்லாமலே இயங்கும்.