கையைக் கடிக்காத செலவில் நல்ல எடிட்டர்: நான் கண்டுபிடித்த வழி

கதையை எழுதி முடித்துவிட்டீர்கள், கிண்டிலில் நீங்களே போடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. எந்த வேலைக்கு ஆள் வேண்டும்? மெய்ப்புப் பார்ப்பவர் எழுத்துப்பிழை, ஒற்று பார்ப்பார். மூன்றாம் அத்தியாயத்தில் வத்தையில் போனவன் ஐந்தாம் அத்தியாயத்தில் வல்லத்திலிருந்து இறங்குகிறான் (இரண்டும் வேறு வேறு வகைப் படகுகள்) என்று பிடிப்பவர்தான் எடிட்டர். முதலில் நாவி, வாணி என்ற இணையப் பிழைதிருத்திகள் இரண்டிலும் ஓட்டிவிடுங்கள். இரண்டும் இலவசம். ஒற்றுப்பிழைக்கு எடிட்டரின் நேரத்தை வாங்காதீர்கள்.

2. உங்களுக்குப் பிடித்த புத்தகங்களின் பதிப்பு விவரப் பக்கத்தையும் நன்றியுரையையும் பாருங்கள். திருத்தியவர் பெயர் சிலவற்றில் இருக்கும். அவர்களைத் தேடி எழுதுங்கள்.

3. மூன்று பக்கம் மாதிரி கேளுங்கள், காசு கொடுத்தே கேளுங்கள். நான் இதைச் செய்யாமல் முழு நாவலுக்கும் முன்பணம் கொடுத்தேன். எங்கள் ஊர் பாம்பன். கதையில் ஒரு பெரியவர், “கச்சான் அடங்கட்டும், தென்கடலுக்குப் போவோம்” என்பார். திரும்பி வந்த கோப்பில் அவர், “மேற்குக் காற்று ஓயட்டும், மன்னார் வளைகுடாவுக்குச் செல்வோம்” என்றார். பாலத்துக்கு வடக்கே வடகடல், தெற்கே தென்கடல்; எங்கள் ஆட்கள் வாயில் வேறு பேச்சு வராது. திருத்திய இடங்களில் அடையாளமும் இல்லை. வரிக்கு வரி ஒப்பிட்டு மீட்க இரண்டு வாரம் ஆனது.

அதனால் மாதிரியில் உரையாடல் நிறைந்த பக்கம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்ற காற்றுப் பெயர்கள் போலத் தொடக்கூடாத சொற்களின் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். இப்போது எனக்குத் திருத்துபவர் கச்சானை மாற்றவில்லை, “வெளியூர்க்காரருக்கு இது காற்று என்று எங்கே தெரியும்?” என்று ஓரத்தில் கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்காகவே முதல் அத்தியாயத்தில், கச்சான் வாரியடிக்கும் மணலை அம்மா வாசலில் கூட்டித் தள்ளும் காட்சியை எழுதினேன். இப்படிக் கேட்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

4. கூலியைச் சொல் கணக்கில் பேசுங்கள். எழுத்தளவை மாற்றினால் பக்கக் கணக்கு மாறிவிடும். பணத்தை அத்தியாயம் முடிய முடியத் தவணையாகக் கொடுங்கள்.

5. கூகுள் டாக்ஸில் ‘பரிந்துரை’ (Suggesting) முறையில்தான் திருத்தச் சொல்வேன்; திருத்திய இடமெல்லாம் அடையாளத்தோடு தெரியும். வேர்டின் டிராக் சேஞ்சஸும் சரிதான், ஆனால் போனில் பார்ப்பதற்கு டாக்ஸ்தான் வசதி.

பிற்சேர்க்கை: கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி, திருத்தி வந்த கோப்பு முழுக்க ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தார். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவாக இருக்கும். யூனிகோடில் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்திருந்தால் ‘கொ’, ‘கோ’ வரும் இடங்களை மட்டும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். கொம்பு தனியே கழன்று நிற்பது அங்கேதான்.