ஸ்பீக்கர் ஒலி மெலிந்து கேட்கிறதா? புது ஆம்ப்ளிஃபயர் வாங்குவதற்கு முன்...

"கடையில் கேட்டபோது கனமாக இருந்தது, வீட்டில் வைத்தால் சோகை பிடித்ததுபோல் இருக்கிறது." புதிதாக ஹை-ஃபை ஸ்பீக்கர் வாங்கியவர்களின் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இந்தப் புகாரைக் கேட்கிறேன். ஆரம்பத்தில் நான் செய்தவற்றையே அவர்களும் வரிசை மாறாமல் செய்திருக்கிறார்கள். ஒயர் கழன்றிருப்பது, உச்ச ஸ்தாயியைத் தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் காதுமட்டத்துக்குக் கீழே இருப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை தாமே கண்ணில் படும்.

உட்காரும் இடத்தை மாற்றாமல் கருவியை மாற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது, ஏனென்றால் இதில் வீணாகும் பணம் திரும்ப வராது.

சென்னையில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், கச்சேரிப் பதிவுகள் கேட்பதற்காகவே ஓர் அறையை ஒதுக்கியிருந்தார். பதினாறடி நீளம், பதினோரடி அகலம். சோபா சரியாக அறையின் நடுவில். மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் ஒவ்வொன்றும் துல்லியமாகக் கேட்டன, ஆனால் இடப்பக்கத் தொப்பியில் விழும் அடிக்கு உடம்பே இல்லை. ரவை பூசிய தோலின் அந்த ஆழ்ந்த நாதம், கும்கி, எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. "வாட் போதவில்லை" என்று கடையில் சொல்லி, 50 வாட் ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொண்டு 100 வாட் கொடுத்திருந்தார்கள். அடுத்து, கீழ்ஸ்தாயியை மட்டும் தரும் தனிப் பெட்டியான சப்-வூஃபருக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.

"சார், சோபாவை இரண்டடி பின்னால் தள்ளலாமா?" என்று கேட்டேன். இருவருமாகத் தள்ளினோம். அதே பதிவு, அதே தனி ஆவர்த்தனம். தொப்பி வந்துவிட்டது. அவர் பாட்டைக் கவனிக்கவில்லை, புது ஆம்ப்ளிஃபயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். ஒலி நம் ஊர் வெப்பத்தில் நொடிக்கு 345 மீட்டரை ஒட்டிய வேகத்தில் போகிறது. பதினாறடி, அதாவது ஏறக்குறைய 4.9 மீட்டர் நீளமுள்ள அறையில் 35, 70, 105 ஹெர்ட்ஸ் அலைகள் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி நிலைகொள்கின்றன. அவற்றில் 35, 105 இரண்டும் அறையின் நட்டநடுவில் வற்றிவிடும். செங்கல்லும் கான்கிரீட்டும் பேஸை, அதாவது கீழ்ஸ்தாயி ஒலியை, வெளியே விடாமல் திருப்பி அனுப்புவதால், மரச்சட்டமும் பலகையுமாகக் கட்டிய வெளிநாட்டு வீடுகளைவிட இங்கே அந்த வறட்சி கடுமையாகத் தெரியும்.

வற்றும் இடத்தில் நேராக வரும் அலையும் சுவரில் பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஆம்ப்ளிஃபயரைப் பெரிதாக்கினால் இரண்டும் ஒரே அளவில் பெரிதாகும். அழிவும் அப்படியே தொடரும். தவிர, 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். ஸ்தாயிவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 6 டெசிபல் ஏற்றிச் சமாளிக்கலாம் என்பவர்களும் உண்டு. அதற்கு நான்கு மடங்கு திறன் வேண்டும், பேஸ் தரும் வூஃபரின் கூம்பு இரு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். ஒலி வற்றிய அந்தப் பள்ளமோ நிரம்பாது.

காது இருக்குமிடம் பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதம் தள்ளி இருக்கட்டும். பதினாறடி அறையில் அது ஆறடி. இது தொடக்கப் புள்ளிதான்; அங்கிருந்து ஒவ்வொரு சாணாக முன்னும் பின்னும் நகர்த்திக் கேளுங்கள். இடம் இல்லையென்று சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிவிடாதீர்கள். அங்கே பேஸ் மிதமிஞ்சி ஊதி, வீணையும் மிருதங்கமும் ஒன்றாகக் குழைந்துவிடும்.

ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் உள்ள தூரம்

ஸ்பீக்கரின் முகத்திலிருந்து பின்னாலுள்ள சுவர் ஒரு மீட்டர் தூரமென்றால் 86 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும். அரை மீட்டரானால் பள்ளம் 172-க்கு ஏறும். முழுதாகத் தப்ப வழியில்லை. ஆனால் வூஃபரிலிருந்து அதன் பின்னாலுள்ள சுவர், பக்கச்சுவர், தரை மூன்றும் ஒரே தூரத்தில் இருந்தால் மூன்று பள்ளங்களும் ஒரே இடத்தில் விழுந்து ஆழமாகும். அளவுநாடா எடுத்து மூன்றையும் வெவ்வேறாக வையுங்கள்.

ஷோகேஸுக்குள் ஸ்பீக்கர்

வெளியே எடுங்கள்.

முட்டைத் தட்டுகள்

86 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் நான்கு மீட்டர். ஒலி சரியாகும் என்று சுவரில் ஒட்டிய முட்டைத் தட்டு அதை ஒன்றும் செய்யாது. மேல்ஸ்தாயியைச் சற்றே மழுக்குவதோடு சரி. டைல்ஸ் தரையின் கூச்சல்தான் பிரச்சினை என்றால் ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தடித்த கம்பளம் விரியுங்கள்.

சிவப்பும் கறுப்பும்

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு முனைக்கும் கறுப்பு முனைக்கும் ஒயர் மாறியிருந்தால் இரண்டின் பேஸும் ஒன்றையொன்று தின்றுவிடும், பாடகரின் குரல் நடுவில் நிற்காது. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் ஒயரை மாற்றிச் செருகி, பழைய மோனோ பதிவு ஒன்றைக் கேளுங்கள். எதில் பேஸ் கூடுதலோ அதுவே சரி.

சப்-வூஃபரைக் காலியான மூலையில் தள்ளுவது

எல்லாம் சரிசெய்த பிறகும் தேவைப்பட்டால் வாங்குங்கள். முதலில் அதை நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்து, பேஸ் நடை தெளிவாக உள்ள பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். சுவரோரமாகத் தவழ்ந்தபடி, தலையைத் தரையருகே வைத்துக் கேளுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் ஊதாமல், வற்றாமல் சம கனத்தோடு கேட்கிறதோ, பெட்டியைக் கொண்டுவந்து அங்கே வையுங்கள்.