மத்தியதரைக்கடல் க்ரூஸ்: எந்த ஊரில் கப்பல் டூர், எந்த ஊரில் சொந்தமாக?

க்ரூஸ் அட்டவணையில் 'ரோம்' என்று போட்டிருக்கும் நாளில் கப்பல் ரோமில் நிற்காது. சிவிதவேக்கியா துறைமுகத்தில் நிற்கும்; அங்கிருந்து ரோமுக்குச் சுமார் 75 கிலோமீட்டர். 'ஃபிளாரன்ஸ்' என்றால் லிவோர்னோ, கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். 'ஏதென்ஸ்' என்றால் பிரேயஸ். அது பக்கம்தான், மெட்ரோவே போகிறது. நேப்பிள்ஸில் இறங்கினாலே ஊர். கப்பல் நிறுவனம் ஒவ்வொரு ஊரிலும் விற்கும் டூர்களின் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் இந்தத் தூரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். எங்கே காசு போட வேண்டும், எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பது பாதிக்கு மேல் அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து நேரக் கணக்கு. கப்பல் காலை 7 மணிக்கு வந்து மாலை 7 மணிக்குக் கிளம்புகிறது என்றால் கையில் 12 மணி நேரம் இருப்பதாகத் தோன்றும். இல்லை. எல்லாரும் உள்ளே இருக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு அரை மணி முன்பு, சில நாள் ஒரு மணி முன்பு. காலையில் இறங்கி வெளியே வர முக்கால் மணி, ரோமுக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி, அதாவது 9.15. திரும்பும்போது கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாகத் துறைமுகத்தில் இருக்கும்படி பார்த்தால், ரோமை விட்டு மூன்றரைக்கே கிளம்ப வேண்டும். மிஞ்சுவது ஆறு மணி நேரம். அதில் வாடிகன் மியூசியமும் கொலோசியமும் இரண்டும் உள்ளே போய்ப் பார்ப்பது அவதி, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கப்பல் நிறுவனத்தின் டூர் விலை கூடுதல்தான். அந்தக் கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு பெரிய விஷயம்: அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. ரோம், ஃபிளாரன்ஸ் போன்ற தூரத்து ஊர்களில், அதுவும் முதல் க்ரூஸ் என்றால், இந்தக் காப்பு அந்த விலைக்குத் தகும். பக்கத்து ஊரில் அதே விலை கொடுப்பது வீண்.

டூர் விவரத்தை வரி வரியாகப் படியுங்கள். 'பனோரமிக்' என்றால் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பது. 'ஆன் யுவர் ஓன்' என்றால் பஸ் மட்டும். கைடும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. கொலோசியம் பெயர் இருந்தாலும் 'உள்ளே நுழைவு அடக்கம்' என்ற சொல் இல்லையென்றால் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு வரலாம், அவ்வளவே. 'பத்து மணி நேரம்' என்பதில் மூன்று மணி பஸ்ஸிலேயே போகும். மதியச் சாப்பாடு சேர்ந்த டூரை ரோமுக்கு எடுக்க வேண்டாம்: அந்த உணவகத்தில் ஒன்றரை மணி நேரம் கரையும். எடுத்தே ஆக வேண்டுமென்றால், சைவக்காரர்கள் புக் செய்யும்போதே 'இறைச்சி, மீன் இரண்டும் கூடாது' என்று எழுதிக் கொடுங்கள். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் மீன் தட்டோடு வரக்கூடும்.

ரோமுக்குச் சொந்தமாகப் போவதும் கஷ்டமில்லை. துறைமுகத்தின் இலவச பஸ் லார்கோ தெல்லா பாச்சே என்ற இடத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு உள்ளூர் பஸ் உண்டு. ரீஜனல் ரயிலில் சான் பியெத்ரோ நிலையம் ஏறத்தாழ 50 நிமிடம், அங்கிருந்து நடந்தே வாடிகனின் புனித பேதுரு சதுக்கம். தாள் டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் நுழைத்து நேரமுத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் ஒன்றுதான், அபராதம் உண்டு. ஆபத்து வேலைநிறுத்தத்தில் இருக்கிறது. இத்தாலியில் அதை முன்கூட்டியே அறிவிப்பார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரைதான் ரீஜனல் ரயில்களுக்கு உத்தரவாதம். காலையில் ஜோராகப் போய்விடலாம், மூன்றரை மணிக்குத் திரும்ப ரயில் இருக்காது. 'ஷோப்பெரோ' (sciopero, இத்தாலிய மொழியில் வேலைநிறுத்தம்) என்ற சொல்லோடு தேதியைப் போட்டு ஒரு வாரம் முன்பே தேடிப் பாருங்கள்.

கிழமையும் முக்கியம். வாடிகன் மியூசியம் ஞாயிறு மூடியிருக்கும், மாதக் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. புதன் காலை போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடந்தால் புனித பேதுரு பேராலயத்துக்குள் மதியம் வரை போக முடியாது. ஃபிளாரன்ஸின் கலைக்கூடங்களான உஃபிட்ஸியும் அக்காதேமியாவும் திங்கள் விடுமுறை. தோளும் முழங்காலும் மூடிய உடை வாடிகனில் கட்டாயம்.

நேப்பிள்ஸிலிருந்து, எரிமலையில் புதைந்த பழைய ரோமானிய ஊரான பாம்பேய்க்கு சர்க்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயில், முக்கால் மணிக்குள். கூட்டம் நெரியும், பையை முன்னால் மாட்டுங்கள். பாம்பேய்க்கு இப்போது ஒரு நாளைக்கு 20,000 பேர்தான், டிக்கெட்டில் பெயர் இருக்கும். முன்பே வாங்கி, பாஸ்போர்ட் நகலோடு போங்கள். காப்ரி தீவுக்கு மட்டும் சொந்தமாகப் போக வேண்டாம். கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும், வேறு வழியே கிடையாது.

சான்டோரினி தனி ரகம். கப்பல் கடலிலேயே நிற்கும், சிறு டெண்டர் படகில் கரைக்குப் போக வேண்டும். கப்பல் டூர்காரர்களை முதலில் இறக்குவார்கள்; மற்றவர்கள் எண் வாங்கிக் காத்திருக்க வேண்டும். எனவே தனியார் டூர் எடுத்தால் கப்பல் வந்து இரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்குவதாகப் பாருங்கள். பழைய துறைமுகத்திலிருந்து மேலே ஃபிரா ஊருக்கு 588 படிகள், இல்லையேல் கேபிள் கார். நாலைந்து கப்பல் ஒரே நாளில் நின்றால் மாலையில் கேபிள் கார் வரிசை ஊர்த் தெருவுக்குள் வளைந்து நிற்கும். ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். கப்பல் டூர்காரர்களும் ஃபிராவில் விடப்பட்டு அதே வரிசையில்தான் நிற்பார்கள். கடைசி டெண்டருக்கு இரண்டு மணி முன்பே வரிசைக்கு வந்துவிடுங்கள். இன்னொன்று, கிரீஸ் நேரம் இத்தாலியை விட ஒரு மணி கூடுதல். கைபேசி தானாக மாறும், கப்பல் கடிகாரம் மாறியதா என்று முந்தின இரவே தினசரித் தாளில் (கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாள்) பாருங்கள்.

புக் செய்யும் நேரம்: கப்பல் ஏறும் முன் ஆன்லைனில் வாங்குவது பெரும்பாலும் மலிவு, வாடிகன் போன்றவை சீக்கிரம் தீரும். வாங்கிய பிறகும் விலையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். குறைந்தால் ரத்து செய்து மறுபடி எடுக்கலாம், ரத்துக் கெடு எத்தனை மணி என்பதை மட்டும் முதலில் பாருங்கள். ஆறேழு பேர் குடும்பத்துக்குத் தனி வேன் கப்பல் டூரை விட மலிவாகவே வரும். வேன்காரரிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வராவிட்டால் முழுப் பணமும் திரும்புமா, எந்த இடத்தில் சந்திப்பது, எத்தனை மணிக்குத் திரும்பக் கொண்டுவிடுவார்.

இந்திய பாஸ்போர்ட்காரர்கள் வழியில் துருக்கியோ மான்டினீக்ரோவோ இருந்தால், அவை ஷெங்கன் பகுதிக்கு வெளியே என்பதால், பலமுறை நுழையும் ஷெங்கன் விசா தேவையா என்று நிறுவனத்திடம் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

இறங்கும்போது கப்பல் அட்டை, பாஸ்போர்ட் நகல், ஒரு கடன் அட்டை, இரண்டு வேளை மருந்து இவை பையில் இருக்கட்டும். தினசரித் தாளில் துறைமுக ஏஜெண்டின் தொலைபேசி எண் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாமதமாகிறது என்று தெரிந்த உடனே, இன்னும் வழியில் இருக்கும்போதே, அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கப்பல் போய்விட்டாலும் அடுத்த துறைமுகத்துக்குப் போக வழி சொல்பவர் அவர்தான்.