குடும்பத்தோட விங்ஸ் சாப்புடப் போறீங்களா?

கோயமுத்தூர்ல விங்ஸ் கடைக்கு, அதாவது கோழி றெக்கையப் பொரிச்சு சாஸ்ல பொரட்டித் தர்ற கடைக்கு, அப்பத்தா, கொழந்தைகன்னு எல்லாத்தையும் கூட்டிட்டுப் போறீங்கன்னா ஞாயித்துக்கெழமை சாயங்காலம் ஏழு மணிக்குள்ள போயிருங்க. மொதல்ல காரமில்லாத பார்பிக்யூ சாஸ் போட்டது ஒரு தட்டு, பஃபலோ ஒரு தட்டு சொல்லுங்க, பஃபலோன்னா எருமைக்கறி இல்லீங்க, அமெரிக்கால பஃபலோங்கற ஊர்ல 1964ல வந்ததும்பாங்க, மொளகாய் சாஸும் வெண்ணெயும் கலந்து பொரட்டுனது, பள்ளிபாளையம் சிக்கனோட வரமொளகாய்க் காரம் பழகுன நம்ம நாக்குக்கு இதுல புளிப்புத்தான் தூக்கலாத் தெரியும். சாஸைத் தனியாக் கிண்ணத்துல வாங்கிக்குங்க, அப்பத்தான் மொறுமொறுப்புப் போகாது. தட்டையான துண்டுல ரெண்டு எலும்பு இருக்குமுங்க, சின்ன எலும்பைத் திருகி உருவிட்டு, அப்பறம் பெருசையும் எடுத்துட்டு கறிய மட்டும் கொழந்தைக்குக் குடுங்க, பல்லில்லாத அப்பத்தாளுக்கும் அப்படியேதான். காரம் ஏறிருச்சுன்னா தண்ணி வேண்டாம், மோர் இல்லாட்டித் தயிர் கேளுங்க.